கர்நாடகத்தின் 'பூமி': ஒரு கணினித் திட்டத்தின் வெற்றியை அளந்த வரலாறு

ஓர் அலுவலகத்தில் கணினிகளை நிறுவ எவ்வளவு செலவாயிற்று என்பதைக் கணக்கேட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதனால் விளைந்த நன்மை எவ்வளவு என்று சொல்வது அத்தனை எளிதன்று. யாருடைய நன்மை, எந்த இடத்தில் நின்று அளந்த நன்மை, எத்தனை ஆண்டுகளுக்குப் பின் அளந்த நன்மை என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. தகவல் அமைப்பியல் துறை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்விகளோடு போராடி வருகிறது. அந்தப் போராட்டத்தை இந்திய மண்ணில் வைத்துக் காண, கர்நாடக அரசின் 'பூமி' திட்டம் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஒரு சாரார் அதை நாட்டுக்கே முன்மாதிரி என்றனர். மற்றொரு சாரார் அது எளியவரின் நிலம் வலியவரிடம் செல்ல வழிசெய்தது என்றனர். இரு சாராருமே களத்துக்குச் சென்று ஆராய்ந்துதான் எழுதினர்.

கர்நாடகத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஓர் ஆவணம் உண்டு. நிலத்தின் உரிமை, குத்தகை, பயிர் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் காட்டும் அதனை மக்கள் 'பஹணி' என்பர். அலுவலக வழக்கில் 'ஆர்.டி.சி.' தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் எனப் பிரிந்து கிடக்கும் செய்திகளில் பெரும்பகுதி அந்த ஒரு தாளில் அடங்கிவிடும். பயிர்க்கடன் கேட்டு வங்கிக்குச் சென்றாலும், நிலத்தை விற்க முனைந்தாலும், வழக்கென்று நீதிமன்றப் படியேறினாலும் முதலில் கேட்கப்படுவது பஹணியே.

இந்தப் பதிவேடுகளை வைத்திருந்தவர் கிராமக் கணக்கர். முற்காலத்தில் அப்பதவி சானுபோகர் குடும்பங்களிடம் பரம்பரையாக இருந்தது. தமிழ்நாட்டுக் கர்ணத்தை ஒத்த பதவி அது. 1961ஆம் ஆண்டின் கிராமப் பதவிகள் ஒழிப்புச் சட்டம் பரம்பரை உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. சம்பளம் பெறும் அரசு ஊழியர் அந்த இடத்தில் அமர்ந்தார். எனினும் பதிவேட்டைக் காப்பவர், திருத்துபவர், நகல் தருபவர் மூவரும் ஒருவரே என்ற நிலை மாறவில்லை.

மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்கள் இருந்தனர். ஒவ்வொருவர் பொறுப்பிலும் மூன்று, நான்கு கிராமங்கள். அவர் இன்று எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துச் சென்று பிடிப்பதே உழவருக்கு ஒரு நாள் வேலை. பிடித்த பின்னும் நகல் கையில் வரக் கையூட்டு கொடுக்க வேண்டியிருந்தது. விற்பனையாலோ வாரிசுரிமையாலோ நிலம் கைமாறியபின் பதிவேட்டில் பெயர் மாற்றம் செய்வது இன்னும் கடினம். பதிவேட்டை வேறெவரும் பார்க்க வழியில்லாததால், அதில் ஓர் எழுத்து மாறினாலும் உரியவருக்குத் தெரிய ஆண்டுகள் ஆகலாம். அரசு நிலம் தனியார் பெயருக்கு மாறிய நிகழ்வுகளும் உண்டு.

இந்த நிலையை மாற்றக் கணினியை நாடியது 'பூமி' திட்டந்தான் முதல் முறை என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை வேறு. நடுவண் அரசு 1988-89இல் எட்டு மாநிலங்களில் மாநிலத்துக்கு ஒரு மாவட்டமாக நிலப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கர்நாடகத்தில் 1991இல் குல்பர்கா மாவட்டம் தேர்வாயிற்று. 1996க்குள் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது. பணமும் வந்தது, பதிவுகளும் கணினியில் ஏறின. ஆனால் உழவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

காரணம் எளியது. பதிவுகளைத் தட்டச்சிட்ட இடம் மாவட்டத் தலைநகர். நிலம் கைமாறும்போது பதிவேட்டைத் திருத்தும் வேலை நடந்த இடம் தாலுகாவும் கிராமமும். தாலுகாவில் கணினி இல்லை. எனவே கணினியில் ஏறிய பதிவு அன்றோடு நின்றுவிட்டது. கணக்கரின் காகிதப் பதிவேடு மட்டுமே நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமற்போயின. பழைய செய்தியைக் காட்டும் கணினியை எவரும் நாடவில்லை. ஏற்றப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையையும் செலவழிந்த தொகையையும் கொண்டு அளந்தால், அத்திட்டம் முன்னேறிக்கொண்டே இருந்தது. பயன்பாட்டைக் கொண்டு அளந்தால் அது தொடங்கவே இல்லை. அளக்குமிடம் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதற்குக் கர்நாடகம் கண்ட முதற் சான்று இது.

1990களின் இறுதியில் உருப்பெற்ற 'பூமி' இந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றது. எஸ்.எம். கிருஷ்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில், வருவாய்த் துறை அதிகாரியான ராஜீவ் சாவ்லா அதனை முன்னின்று நடத்தினார்; தேசியத் தகவலியல் மையம் மென்பொருளை உருவாக்கியது. கணினி இம்முறை தாலுகா அலுவலகத்துக்கே சென்றது. ஏறத்தாழ 67 லட்சம் நில உடைமையாளர்களின் 2 கோடிப் பதிவுகள் ஏற்றப்பட்டன. அச்செடுத்த படிகளைக் கிராமக் கணக்கர்களிடமே கொடுத்து, மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் செய்தனர். 177 தாலுகாக்களிலும் சேவைச் சாளரங்கள் திறக்கப்பட்டன. 15 ரூபாய் செலுத்தினால் அச்சிட்ட பஹணி கிடைத்தது.

வடிவமைப்பில் சில நுணுக்கங்கள் இருந்தன. சாளரத்தில் இரண்டு திரைகள். ஒன்று ஊழியரை நோக்கியும் மற்றொன்று வந்தவரை நோக்கியும் வைக்கப்பட்டன. தன் பதிவில் என்ன செய்யப்படுகிறது என்பதை உழவர் தம் கண்ணால் காண முடிந்தது. ஊழியர் தம் விரல்ரேகையைப் பதித்த பின்பே பதிவேட்டைத் தொட முடியும் என்பதால், திருத்தியவர் யார் என்பதை மறைக்க இயலவில்லை. பெயர் மாற்ற விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒரு தாலுகாவில் 'பூமி' நடைமுறைக்கு வந்ததும் அங்கே கையால் எழுதிய பஹணி செல்லாததாயிற்று. குல்பர்காவில் காகிதமும் கணினியும் அருகருகே ஓடித் திட்டத்தைக் கெடுத்ததுபோல் இங்கே நேரக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

இத்திட்டத்தை மதிப்பிட வந்தவர்கள் கையில் என்ன அளவுகோல் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தகவல் அமைப்புகள் குறித்த முதல் பன்னாட்டு மாநாடு 1980இல் நடந்தபோது, பீட்டர் கீன் என்ற அறிஞர் அத்துறையினரிடம் ஓர் அடிப்படைக் கேள்வியை எழுப்பினார்: இத்தனை ஆய்வுகளும் இறுதியில் அளக்க விரும்பும் விளைவுதான் எது? வில்லியம் டிலோனும் எஃப்ரைம் மக்லீனும் 1992இல் அதற்கு ஒரு விடை தந்தனர். அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அவர்கள், ஒரு தகவல் அமைப்பின் வெற்றிக்கு ஆறு முகங்கள் உண்டு என்றனர். அமைப்பின் தரம், அது தரும் தகவலின் தரம், பயன்பாடு, பயனாளரின் மனநிறைவு, தனிமனிதர்மீது விளையும் தாக்கம், நிறுவனத்தின்மீது விளையும் தாக்கம் ஆகியவை அவை. 2003இல் தங்கள் மாதிரியைத் திருத்தியபோது சேவையின் தரத்தைச் சேர்த்தனர். கடைசி இரண்டையும் ஒன்றாக்கி 'நிகர நன்மை' என்றனர். யாருக்கான நன்மை என்பதை ஆய்பவர் முதலிலேயே தெளிவாக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினர். இந்தக் கடைசி அறிவுரை 'பூமி' வரலாற்றில் பெரும் பொருள் பெற்றது.

'பூமி' திட்டத்தைப் பயனாளரிடமே கேட்டு அளந்த முக்கியமான தொடக்க ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதனைச் செய்தது பெங்களூரின் 'பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர்'. 1994இல் சாமுவேல் பால் நிறுவிய அந்த அமைப்பு, பொதுச் சேவைகளுக்குக் குடிமக்களைக் கொண்டே மதிப்பெண் இடவைக்கும் 'மதிப்பெண் அட்டை' முறைக்குப் பெயர்பெற்றது. அதன் ஆய்வில் கிடைத்த ஓர் எண் பின்னர் எல்லோராலும் மேற்கோள் காட்டப்பட்டது. பழைய முறையில் பஹணி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் கையூட்டுக் கொடுத்ததாகக் கூறினர்; 'பூமி' சாளரத்தில் அவ்வாறு கூறியவர்கள் 3 விழுக்காடு. ஒரே முறை சென்று ஆவணத்தோடு திரும்பியவர் தொகை பன்மடங்கு பெருகியிருந்தது. அலுவலக வாயில்களில் காத்துப் பழகிய உழவருக்கு இது சிறிய மாற்றமன்று. ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் மட்டுமல்லாமல், அவருடைய மானமும் அதனால் காக்கப்பட்டது.

ஆனால் அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத மற்றோர் எண்ணும் உண்டு. பிழையற்ற ஆவணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 'பூமி' பயனாளரில் நான்கில் ஏறத்தாழ மூவர். பழைய முறையில் அது மூன்றில் இருவருக்குச் சற்றே குறைவு. கையூட்டு அடியோடு சரிந்த இடத்தில் பிழை சிறிதளவே குறைந்திருந்தது. டிலோன், மக்லீன் மொழியில் சொல்வதானால் சேவையின் தரம் பாய்ந்து உயர்ந்தது. தகவலின் தரம் மெல்ல நகர்ந்தது. இதில் வியப்பில்லை. கணினியில் ஏறியவை கணக்கர் எழுதிய அதே பதிவுகள். அவற்றைச் சரிபார்த்தவர்களும் அதே கணக்கர்கள். பழைய பதிவேட்டில் இருந்த பிழையும் அச்செழுத்தில் புதுப்பொலிவு பெற்றது.

பயன்பாட்டை வெற்றியின் அடையாளமாகக் கொள்வதிலும் ஒரு சிக்கல் இருந்தது. லட்சக்கணக்கானோர் 'பூமி' சாளரங்களுக்கு வந்ததைத் திட்டத்தின் செல்வாக்குக்குச் சான்றாகப் பலர் காட்டினர். கையெழுத்துப் பஹணி செல்லாது என்றான பின் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதை அவர்கள் கருதவில்லை. விருப்பத்தின்பேரில் பயன்படுத்தும் அமைப்புக்கும் கட்டாயத்தின்பேரில் பயன்படுத்தும் அமைப்புக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்று பீட்டர் செடன் 1997இலேயே டிலோன், மக்லீன் மாதிரியை விமர்சித்து எழுதியிருந்தார். அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் கட்டாயமானவை. அங்கே கூட்டத்தின் அளவைக் கொண்டு திட்டத்தின் தேவையை அறியலாம். அதன் தரத்தை அறிய முடியாது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2007இல், சாலமன் பெஞ்சமினும் அவருடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட அறிக்கை விவாதத்தின் போக்கையே மாற்றியது. அவர்கள் பெங்களூரைச் சூழ்ந்த பகுதிகளில் நில நடவடிக்கைகளை ஆராய்ந்தவர்கள். நகரம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களால் விரிந்து, நில விலை கண்மூடித்தனமாக ஏறிய காலம் அது. பதிவேட்டு நிர்வாகத்தைக் கிராமத்திலிருந்து மேல்மட்டத்துக்கு உயர்த்தியதன் மூலம் 'பூமி' கையூட்டைக் குறைக்கவில்லை, கூட்டியது என்பது அவர்கள் முடிவு. நிலப் பரிமாற்றம் முடியும் காலமும் நீண்டது; பெருநிலம் வாங்க வந்த பெரும்புள்ளிகளுக்கு வேலை எளிதாயிற்று. கிராமத்தில் சிறு உழவரும் தம் சாதி, உறவு, ஊராட்சித் தொடர்புகளைக் கொண்டு கணக்கரிடம் பேசிக் காரியம் முடிக்க முடிந்தது. மேல்மட்ட அலுவலகத்தில் அந்தத் தொடர்புகள் செல்லவில்லை. பணமும் அரசியல் செல்வாக்கும் சென்றன.

இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்தால் ஒன்று பொய்யாக வேண்டும் என்று தோன்றும். அவ்வாறு ஆகவேண்டிய தேவையில்லை. முதல் ஆய்வின் புகழ்பெற்ற எண், ஏற்கெனவே உள்ள பதிவின் நகலைப் பெறுவதைப் பற்றியது. அங்கே ஊழியர் முடிவெடுக்க ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்தினால் தாள் வரும். முடிவெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் கையூட்டுக்கும் இடமில்லை. இரண்டாம் ஆய்வு நிலம் கைமாறுவதைப் பற்றியது. பெயர் மாற்றத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மறுப்புக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். வருவாய் ஆய்வாளர் விசாரித்து ஆணையிட வேண்டும். கணினி வந்த பின்பும் அந்த முடிவு மனிதர் கையிலேயே இருந்தது. விரல்ரேகை அந்த முடிவை எடுத்தவர் யார் என்று சொல்லும். ஏன் எடுத்தார் என்று சொல்லாது. நிலத்தின் விலை ஏறியபோது அந்த முடிவின் விலையும் ஏறியது. மேலும் ஒன்று 12 தாலுகாக்களில் பரவலாக எடுத்த கருத்துக் கணிப்பு; மற்றொன்று மாநகர விளிம்பில் ஆழ்ந்து செய்த களஆய்வு. பெங்களூர்ப் புறநகரில் கண்டதை ராய்ச்சூருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ராய்ச்சூருக்குப் பொருந்துவதைக் கொண்டு பெங்களூர்ப் புறநகரை மறைத்துவிடவும் முடியாது.

இரண்டு ஆய்வுகளுக்கும் அப்பால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. பதிவேட்டில் பெயரே இல்லாதவர் நிலை என்ன? பஹணியில் குத்தகைக்கு ஒரு பத்தி உண்டு என்பது மேலே சொல்லப்பட்டது. 1974 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம், படைவீரர் போன்ற சிலருக்கு விலக்களித்து, வேளாண் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதையே தடை செய்தது. உழுபவருக்கே நிலம் என்ற உயர்ந்த நோக்கில் வந்த சட்டம் அது. வாய்மொழிக் குத்தகையும் வாரமும் அதன் பின்னும் தொடர்ந்தன. ஆனால் சட்டப்படி அவை இல்லாதவை. எனவே பிறர் நிலத்தை உழுபவர் பெயர் அந்தப் பத்தியில் ஏற வழியில்லை. காகிதத்தில் இல்லாதவர் கணினியிலும் இல்லை. பயிர்க்கடனும் இழப்பீடும் பதிவேட்டைச் சார்ந்து செல்லுந்தோறும், அவர் அவற்றிலிருந்து விலகியே நிற்கிறார். சாளரத்தில் எடுக்கும் எந்தக் கருத்துக் கணிப்பும் அவரைச் சந்திக்காது. அவர் அங்கே வருவதே இல்லை. நிலம் தந்தை பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்க, அதில் பாடுபடும் பெண்களின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

சட்டத்தின் பார்வையிலும் பஹணிக்கு ஓர் எல்லை உண்டு. கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964இன் 133ஆம் பிரிவின்படி அப்பதிவு, மாறாக நிறுவப்படும்வரை உண்மையெனக் கொள்ளத்தக்கது, அவ்வளவே. அது முடிந்த முடிபான உரிமைச் சான்றன்று. கணினித் தாளுக்கு மக்கள் தரும் மதிப்பு, சட்டம் அதற்குத் தரும் மதிப்பைவிடப் பெரிது. ஒரு தகவல் அமைப்பு நம்பிக்கை பெறுவது வெற்றிதான். அதன் பதிவு தாங்கக்கூடிய அளவைவிட அதிகமாக நம்பிக்கை பெற்றுவிட்டால், அதன் விலையை ஏமாந்தவர் கொடுக்க நேர்கிறது.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் ராகுல் டே, 'பூமி' திட்டத்தை ஆராய்ந்து, மதிப்பீட்டில் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டினார். திட்டம் தனக்கு விதித்துக்கொண்ட இலக்கை எட்டியதா என்று பார்ப்பது ஒன்று. அத்திட்டம் மக்கள் வாழ்வை மேம்படுத்தியதா என்று பார்ப்பது மற்றொன்று. முதலாவதைத் திட்டத்தை நடத்துவோரின் ஆவணங்களைக் கொண்டே செய்துவிடலாம். இரண்டாவதற்கு ஊருக்குள் செல்ல வேண்டும். ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். விருதுக்கும் நிதிக்கும் முதல் வகை போதுமானதாக இருப்பதால், இரண்டாவது வகை பெரும்பாலும் காலந்தாழ்ந்தே வருகிறது.

அந்தக் காலதாமதத்துக்கு ஒரு விலை உண்டு. 'பூமி' நாடெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. 2008இல் நடுவண் அரசு தேசிய நிலப் பதிவேடுகள் நவீனமயத் திட்டத்தைத் தொடங்கியது. 2016இல் அது 'டிஜிட்டல் இந்தியா' பெயரோடு இணைந்தது. கணினிமயமான கிராமங்கள் எத்தனை, இணைக்கப்பட்ட பதிவு அலுவலகங்கள் எத்தனை, எண்ணிம வடிவம் பெற்ற வரைபடங்கள் எத்தனை என்ற விழுக்காடுகளில் அதன் முன்னேற்றம் காட்டப்படுகிறது. இவை தேவையான எண்களே. ஆனால் குல்பர்காவில் 1991க்குப் பின் எண்ணப்பட்டவையும் இதே வகை எண்கள்தாம்.

'பூமி' வென்றதா தோற்றதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. சாளரத்தில் அது வென்றது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவது, கையூட்டின்றித் தாளோடு வீடு திரும்பிய உழவருக்குச் செய்யும் அநீதி. நிலம் கைமாறும் இடத்தில் அது பழைய அதிகாரத்தை ஒழிக்கவில்லை. வேறொரு மேசைக்கு மாற்றியது. பதிவேட்டுக்கு வெளியே நின்றவரை அது தொடவே இல்லை. இந்த மூன்று விடைகளும் மூன்று இடங்களில் நின்று அளந்ததால் கிடைத்தவை. அடுத்துவரும் நிலத் திட்டங்களை மதிப்பிடுவோர் சாளரத்தில் வரிசையில் நிற்பவரிடம் மட்டும் கேட்டுத் திரும்பினால் முதல் விடை மட்டுமே கிடைக்கும். பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுத்துக் காத்திருப்பவரிடமும், பிறர் பெயரில் உள்ள நிலத்தை உழுதுகொண்டிருப்பவரிடமும் சென்று கேட்டால்தான் மற்ற இரண்டும் தெரியவரும்.